மதுரவாயல் மூதாட்டி

சென்னையிலிருந்து மேற்கு நோக்கிப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் தொடக்கத்திலேயே எதிர்ப்படும் ஊர் மதுரவாயல். அதனைக் கடந்தால் பூவிருந்தவல்லி, அப்பால் செம்பரம்பாக்கம் ஏரி, பின்னர் இருங்காட்டுக்கோட்டை, அதன்பின் இராமானுசர் அவதரித்த திருப்பெரும்புதூர். அங்கிருந்து தெற்கே சிங்கப்பெருமாள்கோயில் நோக்கித் திரும்பினால் ஒரகடத்தை அடையலாம். முன்னாளில் ஏரி நீரை நம்பி நெல் விளைத்த பகுதி இது. இன்று இங்கே கார்களும், மோட்டார் சைக்கிள்களும், கைப்பேசிகளும் விளைகின்றன என்றே கூறலாம். வேலை முறை மாறும் நேரங்களில் தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்பதையும், அவற்றினின்று இளம்பெண்கள் கூட்டங் கூட்டமாக இறங்குவதையும் காணலாம். பல மாவட்டங்களிலிருந்து வந்து, விடுதிகளில் தங்கி, ஈட்டும் பொருளில் ஒரு பகுதியை வீட்டிற்கு அனுப்புபவர்கள் அவர்கள். அவருள் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றவர்களும் உளர்.

அத்தகைய பெண்ணொருத்தி தாவரவியலில் பட்டம் பெற்றவளாயின், அவளைப் பார்த்து உறவினர் கேட்கும் வினா ஒன்று உண்டு: "செடி கொடிகளைப் பற்றி மூன்றாண்டு படித்தாயே, அதனால் என்ன கண்டாய்?" இவ்வினாவுக்கு விடை கூறுவது எளிதன்று. கேட்பவரின் கவலையும் பொய்யன்று. கல்லூரிக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டிய தந்தைக்கு அவ்வாறு கேட்கும் உரிமையும் உண்டு. ஆயினும், இதே சாலையின் தொடக்கத்திலுள்ள மதுரவாயலில், தம் வாழ்நாளின் இறுதிவரை செடிகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டியின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. அவர் பெயர் ஜானகி அம்மாள்.

ஜானகி அம்மாள் 1897 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4 ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் கிருஷ்ணன் நீதித்துறையில் பணியாற்றியவர். வழக்குகளை ஆராய்ந்த நேரம் போக எஞ்சிய நேரத்தில் தோட்டத்தையும் பறவைகளையும் ஆராய்ந்தவர். பெரிய குடும்பம், பிள்ளைகள் பலர். உடன்பிறந்த பெண்கள் ஒவ்வொருவராக மணமுடித்துச் சென்றனர். ஜானகிக்கும் உறவினருள் ஒருவரை மணமகனாகக் குறித்தனர். அவரோ மணத்தை ஏற்கவில்லை, படிப்பையே வேண்டினார். பெண்கள் எழுத்தறிவு பெறுவதே அரிதாயிருந்த காலத்தில் இம்முடிவுக்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதை இன்றைய மாணவியர் ஒருவாறு உணரக்கூடும்.

சென்னைக் கடற்கரையை நோக்கி நிற்கும் இராணி மேரிக் கல்லூரி 1914 இல் பெண்களுக்கெனத் தோன்றியது. ஜானகி அங்கே பயின்றார். பின்னர் அதே கடற்கரைச் சாலையிலுள்ள மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, 1921 இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். நீலகிரி, பழனி மலைகளின் உச்சியில் வளரும் செடிகளைப் பற்றி நூல் எழுதிய பைசன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் அக்கல்லூரியிற் பணிபுரிந்த காலம் அது. செடியின் வெளித்தோற்றத்தோடு அமையாமல், அதன் உயிரணுவுக்குள் நிகழ்வது யாது என்று அறியும் வேட்கை ஜானகிக்கு அங்கேதான் உண்டாயிற்று.

அவ்வேட்கை எத்தகையது என்பதை, இன்றும் தாவரவியல் மாணவர் ஒவ்வொருவரும் செய்யும் ஒரு சோதனையால் அறியலாம். ஒரு வெங்காயத்தை அதன் அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடுமாறு குவளையின் வாயில் வைத்தால், சில நாளில் வெண்ணிற வேர்கள் இறங்கும். வேரின் நுனியைச் சிறிதளவு நறுக்கி, சாராயமும் அசெட்டிக் அமிலமும் கலந்த நீர்மத்தில் இட்டால், உயிரணுக்கள் அப்போதிருந்த நிலையிலேயே நின்றுவிடும். பின்பு நீர்த்த அமிலத்தில் மெல்லச் சூடேற்றி மென்மையாக்கி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகடுகளுக்கு இடையே வைத்து விரலால் அழுத்துதல் வேண்டும். அழுத்தம் மிகுந்தால் மேல்தகடு உடையும். குறைந்தால் உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து எதுவும் புலப்படாது. நல்ல பதத்தில் அமைந்த தகட்டை நுண்ணோக்கியின்கீழ் வைத்தால், பிரியும் நிலையிலுள்ள உயிரணுவில் சாயமேறிய சிறு கோல்கள் தெரியும். அவையே குரோமோசோம்கள். வெங்காயத்தில் அவை 16. எண்ணி முடித்தபின் கண்டவாறே படம் வரைந்து காட்டுதல் வேண்டும். காணாததை நூலைப் பார்த்து வரைந்தால் அனுபவமுள்ள ஆசிரியர் உடனே கண்டுகொள்வார். முதல் நாளில் பெரும்பாலோர்க்குத் தெரிவது காற்றுக் குமிழிகளே!

ஜானகி சிலகாலம் சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். கீழைநாட்டுப் பெண்களுக்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிய பார்பர் உதவித்தொகையைப் பெற்றுக் கடல் கடந்து சென்றார். 1931 இல் அங்கேயே டாக்டர் பட்டமும் பெற்றார். திருவனந்தபுரத்திற் சில ஆண்டுகள் பேராசிரியராக இருந்தபின், 1934 இல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்தார்.

கரும்பின் கதை சுவையானது. இந்தியர்கள் அக்காலத்தில் ஜாவாத் தீவிலிருந்து பெருமளவில் சர்க்கரையை வரவழைத்தனர். தடித்து இனிக்கும் கரும்பு இனம் நோய்க்கும் வறட்சிக்கும் எளிதில் இரையாகும். ஆற்றங்கரையில் தானே வளரும் நாணலோ மெலிந்தது. இனிமை சிறிதும் இல்லாதது. ஆயினும் எதையும் தாங்கும் வன்மை உடையது. இவ்விரண்டையும் கலந்து, இனிமையும் வன்மையும் ஒருங்கே உடைய புதுக் கரும்பினைக் கோவை அறிஞர்கள் உண்டாக்கினர். அவ்வழியிற் பிறந்த கோ 205 என்னும் வகை 1918 இல் வெளிவந்தது. இக்கலப்பு எவ்வாறு கைகூடுகிறது, சில கலப்புகள் ஏன் மலடாகின்றன என்பதை அறியவேண்டுமாயின் குரோமோசோம்களையே எண்ணிப் பார்த்தல் வேண்டும். தடித்த கரும்பில் அவை 80. நாணலிலோ இடத்திற்கு இடம் வேறுபட்டு 40 முதல் 128 வரை அமைகின்றன. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த நாணல் வகைகளை ஆராய்ந்து எண்ணியவருள் ஜானகி அம்மாள் தலையாயவர். கரும்போடு மக்காச்சோளத்தைக் கலந்தும் அவர் வெற்றி கண்டார். வெங்காய வேரில் பதினாறை எண்ணும் மாணவி கற்பதும் இதே தொழிலின் அரிச்சுவடிதான்.

1939 இல் மரபியல் மாநாட்டிற்காக எடின்பரோ நகரம் சென்றவர், உலகப்போர் மூண்டமையால் இங்கிலாந்திலேயே தங்க நேர்ந்தது. அங்கே டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945 இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பின்னர் விஸ்லித் தோட்டத்தில், கால்ச்சிசின் என்னும் பொருளைக் கொண்டு குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்யும் ஆய்வில் ஈடுபட்டார். அப்பொருள் நம் நாட்டுச் செங்காந்தட் கிழங்கிலும் உண்டு. மேக்னோலியா மலர்வகை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாடு விடுதலை பெற்றபின், நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டார். 1977 இல் பத்மஸ்ரீ விருது கிட்டியது. பட்டங்களினும் பதவிகளினும் மேலாக ஒன்றைச் சொல்லவேண்டும். பயிர்களைக் கலந்து விளைச்சலைப் பெருக்கும் கலையில் வாழ்நாளைச் செலவிட்ட அவரே, காட்டை அழித்து அணை கட்டுவதை எதிர்த்தார். கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் மின்நிலையம் அமைக்கும் திட்டம் எழுந்தபோது, எண்பதைக் கடந்த முதுமையிலும் அதனை எதிர்த்து நின்றவருள் அவர் ஒருவர். அணையால் மூழ்கும் காட்டிலுள்ள செடிகளை அறிந்தவரே அவற்றின் பொருட்டு வாதாட இயலும் அன்றோ?

1970 ஆம் ஆண்டளவில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் இணைந்து, அதன் மதுரவாயல் ஆய்வுக்கூடத்திலேயே தங்கலானார். மருந்துச் செடிகளைப் பற்றியும், பழங்குடி மக்கள் செடிகளைப் பயன்படுத்தும் முறைகளைப் பற்றியும் அங்கே ஆராய்ந்தார். வாழ்க்கை மிக எளியது. பேச்சில் தம்மைப் பற்றிய செய்தி குறைவு. 1984 பிப்ரவரித் திங்கள் 7 ஆம் நாள் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனைக் காண அவர் இல்லை.

ஒரகடத்துப் பெண்ணைக் கேட்ட உறவினருக்கு இவ்வரலாறு முழு விடையாகாது. எல்லோரும் மிச்சிகன் செல்வதில்லை. எல்லோர்க்கும் உதவித்தொகையும் கிடைப்பதில்லை. ஆனால் வார விடுமுறையில் ஊர் செல்லும் பேருந்தின் சாளரத்தோரம் அவள் அமர்ந்திருக்கையில், ஏரிக்கரையோரம் வெண்ணிறக் கொத்தாக நாணல் பூத்திருக்கும். உடன் வருவோர்க்கு அது வெறும் புல். அதன் பெயர் அவளுக்குத் தெரியும். கரும்போடு அதற்குள்ள உறவும் தெரியும்.