எந்தப் பிளேயரில் பாட்டு நன்றாகக் கேட்கும்?

நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் படிக்கலாம்.

கணினியில் பாட்டுக் கேட்பவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. அதே பாட்டு, அதே ஸ்பீக்கர்தான், ஆனாலும் பிளேயர் மென்பொருளை மாற்றினால் ஒலியின் தரம் மாறிவிடும் என்பது. வின்ஆம்ப் காலத்திலேயே எங்கள் பள்ளிக் கணினி அறையில் இதற்காகச் சண்டை நடந்திருக்கிறது. இப்போது அந்த நம்பிக்கைக்கு ஆண்டுச் சந்தா வைத்து விற்கிறார்கள்.

என்னோடு பணியாற்றிய தமிழய்யாவுக்கு வயது 74. நாகஸ்வரம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் மகன் சொன்னானென்று ஒரு பிளேயரை இலவசத் தவணையில் போட்டுப் பார்த்திருக்கிறார். "சார், ராஜரத்தினம் பிள்ளை இதுவரைக்கும் தெருமுனையில நின்னு வாசிச்சாரு. இப்ப என் திண்ணையில உட்கார்ந்து வாசிக்கிறாரு" என்றார். சந்தாவோடு நின்றிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதற்கேற்ற பெட்டி, அதற்கேற்ற கம்பி என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார். கூட்டிப் பார்த்தால் மூன்று மாத ஓய்வூதியம். தை மாதம் அவர் வீட்டம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை வேறு இருக்கிறது.

இயற்பியல் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். அவரும் சரி என்றார்.

முதலில் கொஞ்சம் பாடம். குறுந்தகட்டில் ஒலி என்பது வெறும் எண்கள். ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். ஃப்ளாக் கோப்பு இதைச் சுருக்கி வைக்கிறது, ஆனால் விரிக்கும்போது ஒரு எண் கூட மாறாது. பிளேயரின் வேலை இந்த எண்களை வரிசை தப்பாமல் சவுண்ட் கார்டிடம் ஒப்படைப்பது. தபால்காரர் மாறினால் கடிதத்தில் எழுதியது மாறுமா?

தபால்காரர் கடிதத்தைப் பிரித்துத் திருத்தினால் மாறும். பல பிளேயர்கள் அதைத்தான் செய்கின்றன. ஈக்வலைசர், 'ஒலி மேம்பாடு', பாட்டுக்குப் பாட்டு ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதி என்று ஏதாவது ஒன்று நாம் அறியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸும் தன் பங்குக்கு 44,100-ஐ 48,000 ஆக மாற்றி அனுப்பும். அமைப்புகளில் தேடினால் இவை எல்லாம் கிடைக்கும்.

அவர் வீட்டுக்கு மல்டிமீட்டரோடு போனேன். 200 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை இரண்டு பிளேயரிலும் ஓடவிட்டு ஸ்பீக்கர் முனைகளில் மாறுமின்னழுத்தத்தை அளந்தேன். பழையதில் 0.50 வோல்ட். புதியதில் 0.57. அதாவது ஒரு டெசிபலுக்குச் சற்று அதிகம். இவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் காது 'சத்தம் கூடியிருக்கிறது' என்று சொல்லாது. 'தெளிவாக இருக்கிறது', 'பக்கத்தில் இருக்கிறது' என்றுதான் சொல்லும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பழைய பிளேயரில் அந்தச் சமப்படுத்தும் வசதி இயங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். அதுவும் 0.57 காட்டியது.

பிறகு சோதனை. கணினியைத் திரைக்குப் பின்னால் வைத்தோம். பேரன் காசைச் சுண்டுவான். தலை விழுந்தால் புதியது, பூ விழுந்தால் பழையது. தமிழய்யா முன்னறையில் கண்ணை மூடிக் கேட்டு எது என்று தாளில் எழுத வேண்டும். நான் வாசலில். என் முகத்தைப் பார்த்து அவர் விடை கண்டுபிடித்துவிடக் கூடாதல்லவா! பத்துச் சுற்று. எட்டுச் சரியாவதற்குக் குருட்டாம்போக்கிலேயே பதினெட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒன்பது வந்தால்தான் ஒப்புக்கொள்வது என்று முன்பே பேசிக்கொண்டோம்.

ஆறு சரி.

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அப்ப என் காது போச்சுங்கறீங்களா சார்?" என்றார். அறுபது வருடமாகக் கச்சேரி கேட்ட மனிதர். அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை. எங்கள் வயதில் உச்ச அதிர்வெண்கள் தேய்ந்துதான் போகும், எனக்கும் அப்படித்தான். ஆனால் இந்தச் சோதனை அவருடைய காதை அளக்கவே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே ஒலியை வைத்துக்கொண்டு வேறுபாடு சொல் என்றால் யாராலும் முடியாது.

ஒரே ஒலிதான் என்பதையும் காட்டினேன். விண்டோஸை 44,100-க்கு மாற்றி, இரண்டு பிளேயரின் வெளியீட்டையும் ஆடாசிட்டியில் பதிந்து, ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினேன். ஒன்றையொன்று அழித்துக்கொண்டு வெறும் நேர்கோடு மிஞ்சியது. கோட்டைப் பார்த்த பிறகும் அவர் முகம் தெளியவில்லை.

அதனால் இன்னொரு சோதனை. அண்மையில் பதிவான நாகஸ்வரக் கச்சேரி ஒன்றை எடுத்து, 64 கிலோபிட் எம்பி3 ஆக்கினேன். ஃபூபார்2000-இல் ஏபிஎக்ஸ் என்று ஒரு இணைப்பு உண்டு. அதுவே கலைத்துப் போட்டு எது எது என்று கேட்கும், காசு சுண்டப் பேரன் தேவையில்லை.

பத்துக்குப் பத்து! குருட்டாம்போக்கில் இது வர 1024-இல் ஒரு வாய்ப்பு. நான்காவது சுற்றிலேயே அவர் நாகஸ்வரத்தை விட்டுவிட்டுத் தவிலைப் பிடித்துக்கொண்டார். "வலந்தலையில அடி விழறதுக்கு முன்னாடியே ஏதோ உஸ்ஸுங்குது சார். தோல் தோலா இல்ல." எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துச் சுருக்குகிறது. திடீர் அடி விழும் துண்டில் பிழை அடிக்கு முன்னாலும் பரவிவிடும். பொறியாளர்கள் இதற்கு முன்னெதிரொலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் தெரியாமலே பிடித்துவிட்டார் மனுஷன். வீட்டம்மா காப்பி கொண்டுவந்தபோது அவரிடம் மூன்று தடவை சொன்னார், "பத்துக்குப் பத்து" என்று.

பெட்டியும் கம்பியும் பட்டியலிலிருந்து போயின. சந்தாவை மட்டும் கட்டிவிட்டார். கேட்டால், "தட்டோட அட்டைப்படம் வருது, தவில் யாருன்னு போடுது, அதுக்குத் தரேன்" என்கிறார். நியாயமான காரணம்தான்.

வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு: மலிவான மீட்டர்கள் அதிக அதிர்வெண்ணில் சரியாகக் காட்டாது, 200 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாதீர்கள். ஸ்பீக்கர் கம்பி முனைகள் ஒன்றோடொன்று பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆம்ப்ளிஃபையர் போய்விடும்.