பத்து நிமிடத்தில் சுக்கினி பொரியல்

சுக்கினியைக் காய்கறிக் கடையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கரும்பச்சை நிறத்தில், வெள்ளரிக்காய்க்கு அண்ணன் மாதிரி ஒரு ஓரமாகப் படுத்திருக்கும். நம் வயதுக்காரர்கள் அதைத் தாண்டிப் போய்க் கத்தரிக்காயை எடுத்துக்கொள்வோம். போன ஆடி மாதம் வரைக்கும் நானும் அப்படித்தான்.

ஆடியில் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. எனக்கு 72 வயது, அவளுக்கு 68. சேதி கேட்ட அன்று இரவே வெளிநாட்டிலிருந்து மகன் பேசினான். "அப்பா, இனிமே நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்கறது சரிப்படாது. கோயமுத்தூர்லயே முதியோர் குடியிருப்பு ஒண்ணு பார்த்திருக்கேன். மூணு வேளையும் சாப்பாடு அவங்களே குடுத்துருவாங்க." அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஃபோனை வைத்த பிறகு இவள் வெகு நேரம் பேசவில்லை. படுக்கப் போகும்போதுதான், "ஏனுங்க, அங்கெல்லாம் நமக்குன்னு அடுப்பு இருக்காதுங்களா?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். சோறு குறைவாக, காய் நிறைய என்பது டாக்டர் உத்தரவு. வெளியில் வாங்கும் சாப்பாட்டில் காய் என்பது இரண்டு கரண்டி, அதிலும் பாதி உருளைக்கிழங்கு. ஆகவே நான் சமையலறைக்குள் போனேன். குக்கரில் சோறும் பருப்பும் வைப்பது பெரிய வித்தை இல்லை, விசில் எண்ணத் தெரிந்தால் போதும். பொரியல்தான் ஆளைச் சோதிக்கும். அவரைக்காய்க்கு நார் எடுக்க வேண்டும். முருங்கைக்கீரை உருவுவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். வாழைப்பூவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நார் இல்லாத, தோல் சீவ வேண்டாத காய் ஏதாவது உண்டா என்று சந்தையில் தேடியபோது சுக்கினி கண்ணில் பட்டது. "ஊட்டிக் காய்ங்க, ஓட்டல்காரங்கதான் வாங்குவாங்க" என்றார் விற்றவர். இரண்டு வாங்கி வந்தேன். மனைவி இடது கையால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நம்ம அரசாணிக்காய் வகையறாங்க, காம்பைப் பாருங்க" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். இத்தாலிய மொழியில் 'சுக்கா' என்றால் பூசணி, அதன் குட்டிதான் சுக்கினி. இதன் முன்னோர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போக, இந்த வடிவத்துக்குக் கொண்டு வந்தவர்கள் இத்தாலிக்காரர்கள். நம் மிளகாயும் தக்காளியும்கூட அமெரிக்கச் சரக்குதான். ஆகையால் அந்நியக் காய் என்று முகம் சுளிக்க நமக்கு உரிமை இல்லை.

பிறகு நகத்தால் தோலை லேசாகக் கீறினாள். நீர் முத்து முத்தாகத் துளிர்த்தது. "தண்ணி தெளிக்காதீங்க, மூடி போட்றாதீங்க, உப்பைக் கடைசியில போடுங்க" என்றாள். வாழ்நாளில் ஒரு தடவைகூட அந்தக் காயைச் சமைத்தவள் இல்லை! காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான் என்று நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டு பேருக்கு நடுத்தரமான காய் இரண்டு, சுமார் 400 கிராம். ஒரு சாணுக்கு மேல் நீண்டதை வாங்காதீர்கள், விதை முற்றி உள்ளே பஞ்சாக இருக்கும். கழுவி, இரண்டு முனையையும் வெட்டி, நெடுக்கில் நாலாகப் பிளந்து, அரை அங்குலத் துண்டுகளாக நறுக்க வேண்டும். நறுக்கியதும் ஒவ்வொரு காயிலும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் குப்பையில் போடுங்கள். கசக்கிற சுரைக்காயைச் சாப்பிடக் கூடாது என்பார்களே, அதே வகை நஞ்சு இதிலும் சில சமயம் வரும், வேக வைத்தாலும் போகாது. 2015இல் ஜெர்மனியில் 79 வயதுப் பெரியவர் ஒருவர், தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சாப்பிட்டு இறந்தே போனார். கடைக் காயில் இது அபூர்வம்தான். இருந்தாலும் ருசி பார்க்க என்ன செலவு?

அகலமான வடச்சட்டியில் இரண்டு ஸ்பூன் கடலை எண்ணெய் விட்டு, கடுகு, உளுந்து, இரண்டு வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளிக்க வேண்டும். சின்ன வெங்காயம் உரிக்கப் பொறுமை இருந்தால் போடலாம். எனக்கு இல்லை. தீயை நன்றாக வைத்துக் காயைப் போட்டு, அவ்வப்போது பிரட்டிக்கொண்டே இருந்தால் ஐந்தாறு நிமிடத்தில் ஓரம் சிவந்துவிடும். கரண்டியால் அழுத்தினால் லேசாக எதிர்க்க வேண்டும், அதுதான் பதம். அப்போது உப்பு, வறுத்துப் பொடித்த நிலக்கடலை இரண்டு ஸ்பூன். விட்டுக்கொண்ட நீரைக் கடலைப்பொடி குடித்துவிடும். அடுப்பை அணைத்துவிடலாம். ருசி பீர்க்கங்காய்க்கும் சுரைக்காய்க்கும் நடுவில் இருக்கும். கொஞ்சம் குழைந்துவிட்டாலும் கவலை இல்லை, வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்துக் கூட்டு என்று பெயர் வைத்துவிடுங்கள்.

ஆறு வாரமும் அவள் வாசற்படி ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்ல, நான் செய்தேன். ஒரு வேளைகூட மாத்திரைக்கு நேரம் தப்பவில்லை. நாலாவது வாரம் வீடியோவில் வந்த மகனிடம் அவளே தட்டைக் காட்டினாள். "அம்மா, நெஜமாவே அப்பாவா செஞ்சாரு?" என்று இரண்டு முறை கேட்டான். குடியிருப்புப் பேச்சைப் பொங்கலுக்கு வரும்போது வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறான். பேசட்டும், கேட்டுக்கொள்வோம்.

மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. கை இன்னும் முழுதாக மடங்கவில்லை, ரப்பர் பந்தை அழுத்திப் பழகுகிறாள். கரண்டி பிடிக்க வருகிறது. கத்தி மட்டும் இன்னும் என்னிடம்தான். நாளைக்கு நான் இரண்டு சுக்கினி நறுக்கித் தர, தாளிப்பது அவள் என்று பேச்சு.