எத்தனை வருஷம் உழைக்கும்?

"எத்தனை வருஷம் உழைக்கும்?"

குடையிலிருந்து கிரைண்டர் வரையில் எதை வாங்கப் போனாலும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். விலைகூட அப்புறந்தான். கடைக்காரரும் பதிலைத் தயாராக வைத்திருப்பார். "உங்கள் பேரன் காலம் வரைக்கும் இருக்கும், ஸார்!" என்பார். பேரன் காலத்தில் ரசீதை எடுத்துக்கொண்டு அவரைத் தேடி யார் போகப் போகிறார்கள்?

சில மாதங்களாக இந்தக் கேள்வியை ஒரு கண்ணாடி வீட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டு அலைந்தேன். கண்ணாடி வீடு என்றதும் வாசகர்கள் பிரமாதமாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம். உதகமண்டலத்தில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில், என் மனைவியின் பூத்தொட்டிகள் பனிக்காலத்தைக் கழிப்பதற்கு ஒரு சத்திரம், அவ்வளவுதான். சர்க்கார் பாஷையில் இதற்குப் பசுமைக்குடில் என்று பெயர். கோத்தகிரிப் பக்கம் கார்னேஷன் பயிரிடுகிறவர்கள் பாலிஹவுஸ் என்கிறார்கள்.

சென்னையிலிருக்கும் என் தம்பிக்கு இது வேடிக்கையாக இருந்தது. "ஊட்டியில் பூச்செடிக்கு வீடா? ஊரே பூந்தோட்டமாயிற்றே!" என்றான். குளிர் வேறு, உறைபனி வேறு என்பது சமவெளிக்காரர்களுக்குப் புரிவதில்லை. டிசம்பர் பிறந்துவிட்டால், மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில், பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பூமி ஆகாசத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. குளிர்ந்த காற்று தண்ணீரைப்போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. விடிந்து பார்த்தால் புல்லின்மேல் உப்பைத் தூவியது போல் வெள்ளை. உல்லாசப் பிரயாணிகள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பிகோனியாவும் ஃபூஷியாவும் போட்டோவுக்கு நிற்பதில்லை. வெயில் ஏறியதும் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கிவிடுகின்றன.

சென்ற ஜனவரியில் ஒரே இரவில் பதினெட்டுத் தொட்டிகள் போயின. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தொட்டிகளைக் கவிழ்த்து, கழுவி, சுவரோரமாக அடுக்கி வைத்தாள். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. ஒவ்வொரு தொட்டிக்கும் குனிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பதினெட்டாவது தொட்டி அடுக்கி முடிந்த அன்றைக்கே நான் விசாரிக்கக் கிளம்பிவிட்டேன்.

(தம்பிக்கு ஒரு வார்த்தை: அவனுடைய மொட்டைமாடியில் கண்ணாடி வீடு கட்டினால் கீரையை அங்கேயே வேகவைத்துக்கொள்ளலாம். அவனுக்கு வேண்டியது நிழல்வலை.)

கூரைக்கும் சுவருக்கும் மூன்று வகை உண்டு. முதலாவது பாலிதீன். வெயிலைத் தாங்கும்படி மருந்து சேர்த்த 200 மைக்ரான் தாள். மிகவும் மலிவு. மூன்று அல்லது நான்கு வருஷம் தாக்குப் பிடிக்கும். பிறகு மாற்ற வேண்டும். பூச்சாகுபடிக்காரர் ஒருவர் தம்முடைய பழைய தாளைக் காட்டினார். நடுவில் நன்றாகத்தான் இருந்தது. இரும்புக் குழாயைத் தொட்டுக் கொண்டிருந்த இடங்களில் மட்டும் வரிவரியாகக் கிழிந்திருந்தது. வெயிலில் குழாய் காய்கிறது; காய்ந்த குழாய் தாளைத் தின்கிறது. விற்கிறவர் தாளுக்குத்தான் வருஷக் கணக்குச் சொல்வார். குழாயைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

இரண்டாவது பாலிகார்பனேட். இரண்டு தகடுகளுக்கு நடுவே நீளநெடுகக் குழல் குழலாக இடைவெளி விட்ட பலகை. அந்த இடைவெளியில் நிற்கும் காற்று, இரவில் சூடு வெளியேறுவதைக் கொஞ்சம் தடுக்கிறது. கனமும் இல்லை. நான்கு மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ இருக்கும். ஆறு மில்லிமீட்டர் பலகையோ ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல். கல்மழைக்கும் குரங்குக்கும் பயப்பட வேண்டாம். பத்து வருஷம் என்று எழுதிக்கூடக் கொடுக்கிறார்கள். ஆனால், வெயிலைத் தடுக்கும் பூச்சு பெரும்பாலான பலகைகளில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. அவசரக்காரத் தொழிலாளி அந்தப் பக்கத்தை உள்ளே வைத்துத் திருகிவிட்டால், பத்து வருஷத்துப் பலகை சில வருஷங்களிலேயே பழுத்துவிடும். ஓரங்களைப் பட்டை ஒட்டி மூடாவிட்டால் குழலுக்குள் ஈரம் புகுந்து பாசி பிடிக்கும். பிடித்த பாசியை எந்தத் துடைப்பத்தாலும் எடுக்க முடியாது.

மூன்றாவது, சாட்சாத் கண்ணாடியேதான். அது மஞ்சளாகாது, மங்காது. உடைகிற வரையில் சிரஞ்சீவி. எங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவின் கண்ணாடி மாளிகையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாருக்கும் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியதுண்டு.

ஆனால் கண்ணாடி வீடுகளின் ஜாதகத்தைப் பார்த்தால், அவை கண்ணாடி உடைந்து செத்ததாகத் தெரியவில்லை. இங்கிலாந்தில் சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில் ஜோசப் பாக்ஸ்டன் 1836-இல் ஒரு மகா பெரிய கண்ணாடி மண்டபத்தைக் கட்டத் தொடங்கினார். அதற்குள்ளே குதிரை வண்டி ஓட்டலாம். முதல் உலக யுத்தத்தின்போது கொதிகலன்களுக்கு நிலக்கரி கிடைக்காமல் உள்ளேயிருந்த செடிகள் குளிரில் மாண்டன. கட்டடம் நின்றது. வைத்துக் காப்பாற்றக் கட்டுப்படியாகாமல் 1920-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதே பாக்ஸ்டன் லண்டனில் 1851-இல் எழுப்பிய கிரிஸ்டல் பாலஸ் 1936-இல் நெருப்புக்கு இரையாயிற்று. பெங்களூர் லால்பாக்கில் 1889-இல் தொடங்கிய கண்ணாடி மாளிகை மட்டும் இன்னும் நிற்கிறது. அங்கே நிலக்கரிச் செலவு இல்லை. பழுது பார்க்க ஆட்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஒருநாள் இரவு மனைவியிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே ரசத்துக்குத் தாளித்தாள்.

"அது கிடக்கட்டும். ஒரு கண்ணாடி உடைந்தால் யார் வந்து போடுவார்கள்?"

நான் பட்டணத்துக் கம்பெனி ஒன்றின் விலைப்பட்டியலை எடுத்துக் காட்டினேன். கடினமாக்கிய கண்ணாடி, உடைந்தால் கத்தியாகச் சிதறாமல் கற்கண்டாக உதிரும்.

"உதிர்ந்த பிறகு?"

அங்கேதான் சங்கடம். கடினமாக்கிய கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது. அளவு சொல்லித் தொழிற்சாலையிலிருந்து வரவழைக்க வேண்டும். அது மலையேறி வருவதற்குள் இரண்டு உறைபனி போய்விடும். சாதாரணக் கண்ணாடியோ, கடைத்தெருவில் யாரும் கால்மணி நேரத்தில் வெட்டிக் கொடுப்பார்கள். ஆனால் தலைக்குமேல் அதைப் போட்டுக்கொண்டு, குரங்குகள் குதிக்கும் ஊரில், கீழே நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தைரியம் வேண்டும்.

ஆகவே, கூரைக்குப் பாலிகார்பனேட், பக்கங்களுக்குச் சாதாரணக் கண்ணாடி என்று முடிவாயிற்று. எல்லாச் சட்டமும் ஒரே அளவு. கீழே மூன்றடிக்குச் செங்கல் சுவர். எங்கள் தெருவுக்குள் காட்டுமாடு வந்து போகிறது. அதற்கு முதுகு அரித்தால் எதில் சாய்வது என்று தச்சனைக் கேட்டுக்கொண்டு சாய்வதில்லை.

சட்டத்துக்குத் தேக்கு வேண்டுமென்று எனக்கு ஆசை. விலையைக் கேட்டதும் ஆசை அடங்கிற்று. உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்புக் குழாய்தான். பட்டறைக்காரர் முழுவதையும் பற்றவைத்துத் தருவதாகச் சொன்னார். பற்றவைக்கிற இடத்தில் துத்தநாகம் எரிந்துபோய் அங்கேதான் முதலில் துரு ஏறும் என்றேன். "அப்படியானால் நட்டு போல்ட்டு போட்டுவிடலாம், கழற்றி மாற்றவும் சௌகரியம்" என்று உடனே ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர். கூரையில் திறக்கிற ஜன்னல் எதற்கு என்பதற்கு மட்டும் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. ஊட்டியானாலும் நடுப்பகல் வெயில் வெயில்தான். சூடு மேலே போக வழியில்லாவிட்டால் பனிக்குத் தப்பிய செடி புழுக்கத்தில் சாகும். தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் இருக்க வேண்டும். கொதிகலனுக்குப் பதிலாக உள்ளே இரண்டு பீப்பாய் நிறையத் தண்ணீர். பகலில் அது சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெதுவாக விடும். பள்ளத்தை விட்டு, சரிவின் மேல்பக்கமாக இடம் குறித்தோம்.

கடைசியில் வாசலுக்கு அளவு எடுக்கும்போது பட்டறைக்காரர், "இரண்டரை அடி போதுமே, ஐயா. தோட்டத்துக் கதவுதானே?" என்றார்.

"மூன்றரை அடி வையுங்கள். படி வேண்டாம், தரை மட்டத்துக்கே இருக்கட்டும்" என்றாள் என் மனைவி.

"அவ்வளவு எதற்கு, அம்மா?"

"மண்ணு தள்ளுகிற வண்டி போக வர வேண்டாமா?"

எங்கள் வீட்டில் மண் தள்ளுகிற வண்டி கிடையாது. சென்ற மாதம் வைத்தியர் அவளுடைய முழங்கால் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்காட்டி என்ன சொன்னார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையை நான் வாங்கிக்கொண்டேன்.

பட்டறைக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, மூன்றரை என்று எழுதிக்கொண்டார்.