முன்னெழுத்துக்கு இடமில்லாத படிவம்

ஜூன், ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி ஆகிய மாதங்களின் நடுப்பகுதி நெருங்கும்போது பெங்களூரின் சிறு நிறுவனங்களில் கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஓய்விருக்காது. ஒப்பந்ததாரர்களுக்கு வழங்கிய தொகையில் பிடித்த வருமானவரிக்கான சான்றிதழ், அதாவது படிவம் 16ஏ, காலாண்டு அறிக்கையைத் தாக்கல் செய்வதற்கான கெடுநாளிலிருந்து 15 நாள்களுக்குள் உரியவர் கையில் சேர்ந்தாக வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

அந்நாள்களில் எழும் முறையீடு பெரும்பாலும் ஒன்றே: கணக்கு மென்பொருளில் ஒரு பெயர் இருக்கிறது, அச்சில் வேறு பெயர் வருகிறது. மென்பொருளில் பிழை என்று முதலில் கருதுவர். புதுப்பித்துப் பார்ப்பர், விற்பனை முகவரை அழைப்பர், அச்சுப்பொறியைக்கூட அணைத்துப் போடுவர். பிழை அவை எவற்றிலும் இல்லை.

ஒரு காலத்தில் இச்சான்றிதழை நிறுவனமே தன் கணக்கு மென்பொருளிலிருந்து அச்சிட்டு முத்திரையிட்டுக் கொடுத்தது. 2011 ஏப்ரல் 1 முதலான பிடித்தங்களுக்குக் கம்பெனிகளும் வங்கிகளும், 2012 ஏப்ரல் 1 முதல் பிடித்தம் செய்யும் அனைவரும், வருமானவரித் துறையின் இணைய அமைப்பிலிருந்து பதிவிறக்கிய 16ஏ படிவத்தை மட்டுமே வழங்க வேண்டும் என நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை வெளியிட்டது. இன்று அதற்கான வாயில் ‘ட்ரேசஸ்’ தளம். அங்கிருந்து வரும் சான்றிதழில் ஒப்பந்ததாரரின் பெயர் நிறுவனத்தின் பேரேட்டிலிருந்து எடுக்கப்படுவதில்லை. துறையின் பான் தரவுத்தளத்திலிருந்து எடுக்கப்படுகிறது. பேரேட்டில் எப்பெயரை எழுதினாலும் அது அச்சேறாது. பெயரிடும் உரிமை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்விட்டது; அச்சிடும் பொறுப்பு மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது.

பேரேட்டுப் பெயர்களும் ஒரு மொழியாராய்ச்சிக்குரியவை. கணக்கெழுதுபவர் தம் நினைவுக்கு உதவும் வகையில் பெயரிடுகிறார்: ‘முருகேசன் பெயிண்டர்’, ‘முருகேசன் ஓசூர்’, ‘முருகேசன் புதுசு’. ஊரையும் தொழிலையும் அடையாக்கி ஆளைச் சுட்டுவது தமிழுக்குப் புதிதன்று. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்னும் பெயரில் நகரும் உண்டு, வணிகமும் உண்டு. 1986இல் தொடங்கிய பெங்களூர் நிறுவனத்தின் டேலி இன்று இந்தியச் சிறுதொழில்களின் கணக்கேடாகவே ஆகிவிட்டது. அத்தகைய மென்பொருள்களில் எழுதப்படும் இப்பெயர்கள், அறிந்தோ அறியாமலோ அந்தப் பழைய முறையையே பின்பற்றுகின்றன.

பான் விண்ணப்பத்தின் முறை வேறு. அது கடைப்பெயர், முதற்பெயர், நடுப்பெயர் என்று மூன்று பெட்டிகளை வைக்கிறது. கடைப்பெயர்ப் பெட்டியைக் காலியாக விட இயலாது; முன்னெழுத்தை மட்டும் எழுதவும் இயலாது. குடும்பப்பெயரே இல்லாத ஒரு சமூகம் அப்பெட்டியில் எதை எழுதும்? கோவிந்தன் மகன் முருகேசன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஊரார்க்கு அவர் கோ. முருகேசன். விண்ணப்பத்தை நிரப்பிய முகவர் கடைப்பெயராகக் கோவிந்தன் என்று எழுதினால், அட்டையில் ‘முருகேசன் கோவிந்தன்’ என்றொருவர் பிறக்கிறார். முருகேசன் என்பதையே கடைப்பெயராக்கித் தந்தை பெயரை முதலில் இட்டாலோ ‘கோவிந்தன் முருகேசன்’. பான் எண்ணின் 10 குறிகளில் ஐந்தாவது, கடைப்பெயரின் முதலெழுத்து. அந்த ஓர் ஆங்கில எழுத்தைக் கொண்டே, என்றோ ஒருநாள் ஏதோ ஒரு கடையில் மகன் பெயர் எந்தப் பெட்டிக்குப் போனது, தந்தை பெயர் எந்தப் பெட்டிக்குப் போனது என்று சொல்லிவிடலாம். இது தமிழர்க்கு மட்டுமான தொல்லையும் அன்று. ஹரதனஹள்ளி தொட்டேகவுட தேவேகவுட என்னும் பெயரில் முதலில் நிற்பது ஊர், அடுத்தது தந்தை. கடைசியில் இருப்பதுதான் ஆளின் பெயர். காஞ்சிபுரத்தின் ஆங்கில வடிவத்திலிருந்து வந்த ‘சி’யைச் சுமந்த சி. என். அண்ணாதுரைக்கும் அதே அமைப்பு. தென்னிந்தியப் பெயரில் முன்னால் வருவது வேர். படிவமோ அதைப் பின்னால் தேடுகிறது.

பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் சான்றிதழை வாங்கிக்கொள்ள வந்த ஒரு பெயிண்டிங் மேஸ்திரிக்கும் கணக்கெழுதும் பெண்ணுக்கும் இடையே இப்படித்தான் பேச்சு நடக்கும்.

“இது யாரு மேடம்? எங்கப்பா பேரு முன்னாடி நிக்குது. அவரு போய்ச் சேர்ந்து பதினஞ்சு வருசம் ஆச்சே.”

“உங்க பான் கார்டுல அப்படித்தாண்ணா இருக்கு. நான் மாத்த முடியாது.”

“அப்ப காசு அவருக்குப் போயிருமா?”

சிரிக்கத் தோன்றும் கேள்வி. ஆயினும் அதன் பின்னாலுள்ள அச்சம் நியாயமானது. சான்றிதழ் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் அவர் தடுமாறாமல் படிக்கக்கூடியவை எண்கள் மட்டுமே. பெயரின் வரிசை மாறியதால் மட்டும் காசு எங்கும் போய்விடாது. வரவு பெயரைப் பின்தொடர்வதில்லை, எண்ணைப் பின்தொடர்கிறது. எண்ணில் பிழை நேர்ந்தால்தான் இழப்பு.

1961ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டத்தில் 194சி பிரிவு 1972இல் சேர்க்கப்பட்டது. ஒப்பந்ததாரர் தனிநபரானால் 1 விழுக்காடு, நிறுவனமானால் 2 விழுக்காடு பிடிக்க வேண்டும். ஒரே தொகை 30,000 ரூபாயையோ, ஆண்டின் கூட்டுத்தொகை 1,00,000 ரூபாயையோ தாண்டினால்தான் பிடித்தம். பான் எண் தரவில்லையெனில் விகிதம் 20 விழுக்காடு. 2,40,000 ரூபாய்க்கு வேலை செய்த மேஸ்திரியிடம் 2,400 பிடிப்பதற்கும் 48,000 பிடிப்பதற்கும் இடையே இருப்பது பத்துக் குறிகள். அத்தொகையிலிருந்துதான் அவர் தம் ஆள்களுக்குக் கூலி கொடுக்கிறார்.

ஒருவரே ‘முருகேசன் பெயிண்டர்’ என்றும் ‘முருகேசன் ஓசூர்’ என்றும் இரு பேரேடுகளில் வாழ்ந்தால், பான் எண்ணைக் கொண்டு கூட்டிப் பார்க்காத மென்பொருள் அவரை இருவராகவே கருதும். சிறுசிறு பட்டியல்களாக ஒன்றில் 70,000, மற்றொன்றில் 60,000 என்றால் இரண்டும் வரம்புக்குள் அடங்கிவிடும், பிடித்தமே நிகழாது. பின்னர் தணிக்கையில் அது வெளிப்படும்போது, விட்டுப்போன வரியை அவருடைய அடுத்த பட்டியலில் கழிப்பதே வழக்கம்.

எண்ணைத் தட்டச்சு செய்கையில் ஓர் எழுத்து மாறினால் என்னாகும்? தாக்கலுக்கு முன் கோப்பைச் சோதிக்கும் மென்பொருள் அமைப்பை மட்டும் பார்க்கிறது: 5 எழுத்து, 4 இலக்கம், 1 எழுத்து. அந்த எண் உலகில் உள்ளதா, யாருடையது என்று அது கேட்பதில்லை. இலக்கண வரம்புக்கு உட்பட்டும் பொருளற்றதாய் ஒரு வாக்கியம் இருக்கக்கூடும் என்று மொழியியல் மாணவர்க்கு முதலாண்டிலேயே சொல்லித் தருவர். அதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. இல்லாத எண்ணுக்குச் சான்றிதழே உருவாகாது. வேறொருவருடைய எண்ணாக அமைந்துவிட்டால் சான்றிதழ் பழுதின்றி அச்சாகும், அந்த வேறொருவர் பெயரில்.

இதைத் திருத்தும் உரிமை மேஸ்திரிக்கு இல்லை. பிடித்தம் செய்த நிறுவனமே திருத்த அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். பிழை ஒருவருடையது, திருத்தும் அதிகாரமும் அவருடையதே. இழப்பு மட்டும் மற்றவருடையது. இவ்வமைப்பின் அடிப்படைக் கோணல் இதுதான். திருத்தத்துக்கு முன்பு கால வரம்பு இருந்ததில்லை. பிறகு 6 ஆண்டு என்று வரையறுத்தனர். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரிய 2025ஆம் ஆண்டுச் சட்டம் அதை 2 ஆண்டாகச் சுருக்குகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன. திருத்தும் சாவி இருக்கும் கை மாறவில்லை.

ஆறுதலாக ஒன்றுண்டு. பிடித்த வரி கணக்கில் ஏறாமல் போவது குறித்து ஒரு பட்டயக் கணக்கர் எழுதிய கடிதத்தைத் தில்லி உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக ஏற்று, 2013 மார்ச் 14இல் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து அவ்வாண்டு ஜூலை 8இல் வாரியம் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, வரி செலுத்துபவர் சான்றிதழைக் காட்டினால் அதிகாரி சரிபார்த்து வரவை அளிக்க வேண்டும். பிடித்துக்கொள்ளப்பட்ட வரியை அவரிடமே மீண்டும் கேட்கலாகாது என்று 205ஆம் பிரிவும் கூறுகிறது. தாளின் காலம் முடிந்துவிட்டது, எல்லாம் 26ஏஎஸ் அறிக்கையிலேயே தெரியும் என்பாருக்கு இது மறுமொழி. தரவுத்தளம் ஒருவரை மறக்கும்போது, அவர் நீட்டக்கூடியது அந்தத் தாள் ஒன்றுதான்.

அமெரிக்காவில் ஒப்பந்தப் பணியாளர்க்கான 1099 படிவத்தின் துயரம் வேறு வகை. வரித்துறைக்கு அனுப்பும் தாள் படி சிறப்புச் சிவப்பு மையில் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். கணக்கு மென்பொருள் அதன் கட்டங்களுக்குள் எண்களைப் பொருத்த வேண்டும். அரை அங்குலம் நகர்ந்தால் தாள் வீண். அங்கே எழுத்து பெட்டிக்கு வெளியே விழுகிறது. இங்கே ஆளே வெளியே விழுகிறார்.

ஆதார் இதில் இன்னொரு முடிச்சு. அதில் பலருக்கும் முன்னெழுத்தோடுதான் பெயர் பதிவாகியிருக்கிறது. பான் அட்டையில் அதே எழுத்து தந்தையின் முழுப்பெயராக விரிந்திருக்கிறது. இரு பெயர்களும் முற்றிலும் வேறுபட்டால் இணைப்பு நடைபெறாது. இணையாத எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தவையாயின; அவற்றுக்கும் 20 விழுக்காடே. விவரமறியாமல் 1 விழுக்காடு பிடித்த நிறுவனங்களுக்குக் குறைபிடித்த அறிவிப்புகள் வந்தன. 2024 மார்ச் 31 வரையான பரிமாற்றங்களுக்கு, மே 31க்குள் இணைத்துவிட்டால் போதும் என்று 2024 ஏப்ரலில் வாரியம் தளர்வு அளித்தது. கெடுநாள் கடந்த பிறகே இதைக் கேள்விப்பட்டவர்களும் உண்டு.

அனுபவமுள்ள கணக்கர்கள் இப்போது முதல் பட்டியலைப் பதிவதற்கு முன்பே பான் அட்டையின் படியை வாங்கி, ட்ரேசஸ் தளத்தில் எண்ணைச் சரிபார்த்து, அங்கே தெரியும் பெயரையே பேரேட்டில் எழுதிவிடுகின்றனர். பேரேட்டுப் பெயருக்குக் கீழே மாற்றுப்பெயருக்கென ஒரு கட்டம் உண்டு. ‘முருகேசன் பெயிண்டர்’ இப்போது அங்கே இருக்கிறார். தேடுவோர் அப்பெயரைத் தட்டினாலும் பேரேடு திறக்கிறது.