களத்துக்கு வந்த நெல்லுக்கு யார் பொறுப்பு?

மன்னார்குடிப் பக்கம் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையம். 2025 அக்டோபர், குறுவை அறுவடை நேரம். முந்தின இரவும் மழை. வெயில் தலைகாட்டியதும் பாதிச் சாலையில் நெல்லைக் கொட்டிப் பரப்பிவிட்டார்கள். பஸ் வந்தால் ஒதுங்கி நின்று, போனதும் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

களத்தில் அம்பாரம் அம்பாரமாகத் தார்ப்பாய்க்குள் நெல். பெரியவர் ஒருவர் ஒரு தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். கை வைத்துப் பார்த்தேன், உள்ளே சூடு. அடிநெல்லில் வெள்ளையாய் முளை. குறுவைக்குப் போடும் குறுகிய கால ரகங்கள் பலவற்றுக்கு விதை உறக்கம் குறைவு. ஈரம் நின்றால் சில நாளில் முளைத்துவிடும்.

"எப்ப கொண்டாந்தீங்க ஐயா?"

"தீபாவளிக்கு முன்னாடி. வயல்ல நின்னப்பகூட இவ்வளவு பயம் இல்ல தம்பி. அறுத்துக் கொண்டாந்த பெறகுதான் தூக்கம் போச்சு."

ஊழியர் ஈரப்பத மானியில் ஒரு பிடி நெல்லைப் போட்டார். 20-ஐத் தாண்டியது. வரம்பு 17. பக்கத்திலேயே, ஏற்கெனவே எடைபோட்டு வாங்கிய 40 கிலோ சிப்பங்கள் லாரிக்காகக் காத்துக் கிடந்தன. அவற்றிலும் ஓரம் நனைந்திருந்தது.

பெரியவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. வெள்ள நிவாரணம் வயலில் நிற்கும் பயிருக்கு; 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று கணக்கெடுப்பில் தெரிந்தால்தான் கிடைக்கும். பயிர்க்காப்பீடு கிராம அளவிலான மகசூலைப் பார்க்கிறது. அறுவடைக்குப் பிந்தைய இழப்புக்கு அதில் இடம் உண்டு என்றாலும், அது அறுத்து வயலில் காயவிட்ட பயிருக்கு மட்டும், 14 நாள் வரை. கொள்முதல் வாசலில் கிடக்கும் நெல் எந்தத் திட்டத்திலும் சேராது. முதலீடு முழுவதும் போட்டு முடித்து, விவசாயி மிக அதிகமாக இழக்கக்கூடிய கட்டத்தில்தான் பாதுகாப்பே இல்லை.

இப்போதுள்ள வழி, ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கேட்பது. மாநில அரசு எழுதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும், பிறகு உத்தரவு வரும். 2023 பிப்ரவரி மழைக்குப் பின் 20 சதவீதம் வரை அனுமதித்தார்கள். 2025 அக்டோபரில் 22 கேட்டார்கள். குழு வந்து சேர்வதற்குள் இங்கே முளை விரல்கணு நீளம் வளர்ந்துவிடுகிறது.

17 என்பது வீம்புக்கு வைத்த எண் அல்ல. ஈரநெல்லை அடுக்கினால் சூடேறி அரிசி பழுப்பாகும். எண்ணை மட்டும் தளர்த்தினால் களத்தில் கெடுவது கிடங்கில் கெடும். அதனால் எனக்குத் தோன்றுவது இதுதான்: வானிலைத் துறையின் மழைமானி ஒரு குறிப்பிட்ட அளவைக் காட்டினால் அந்த வட்டாரத்துக்குத் தளர்வு தானாக அமலாக வேண்டும். கூடவே உலர்த்தும் இயந்திரம் வேண்டும், வாங்கிய நெல் நேரே அரைவை ஆலைக்குப் போக லாரியும் வேண்டும். நிவாரணத் தொகையை உயர்த்துவதைவிட இதற்கே நான் முதலிடம் கொடுப்பேன். நிவாரணம் இழந்தபின் வருவது, இது இழப்பையே தடுப்பது.

அக்டோபர் மழை எதிர்பாராத பேரிடர் அல்ல. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரும் காலம் அது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பதற்கு நாள் குறிக்கும்போதே, குறுவை நெல்லை எப்படிக் காய வைத்து எடுத்துச் செல்வது என்பதற்கும் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து உத்தரவு போட்டுவிட வேண்டும்.