சாணைக்காரரிடம் கொடுக்கக் கூடாத கத்தி

தில்லி மோதி பாக்கின் அரசுக் குடியிருப்புச் சந்துகளில் சாணைக்காரர் வருகிறார் என்றால் முதலில் குரல்தான் வரும், ஆள் பிறகு. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சீட்டில் ஏறி உட்கார்ந்து மிதிப்பார். வண்டி நகராது, முன்னால் பொருத்திய சாணைக்கல் சுழலும். காய் நறுக்கும் கத்தியை இந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு. பொறி பறக்கும், சுற்றி நிற்கும் பிள்ளைகள் ஓரடி பின்வாங்கும். கடைசியில் கட்டைவிரல் நகத்தின்மேல் கத்தியை மெதுவாக வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் இன்னும் பதம் வரவில்லை, பிடித்தால் வந்துவிட்டது. 1973-இல் வந்த 'ஜன்ஜீர்' படத்தில் ஜெயா பாதுரிக்கு இந்தத் தொழில்தான். அதன் பிறகு சினிமா சாணைக்கல்லை மறந்துவிட்டது.

இவரிடம் ஓர் ஐஸ் ஹாக்கி ஸ்கேட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்?

கேள்வியில் குறும்பு உண்டு, அபத்தம் இல்லை. மோதி பாக்கிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள், குருகிராம் மால் ஒன்றின் செயற்கை ஐஸ் தளத்தில் லடாக் வீரர்கள் பயிற்சி எடுத்ததுண்டு. நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, உள்ளே ஒரு கூட்டம் ஸ்வெட்டர் போட்டுச் சறுக்கிக்கொண்டிருக்கும். அப்படி வந்த ஒருவரின் ஸ்கேட் நம் சாணைக்காரர் கைக்குப் போனதாக வைத்துக்கொள்வோம். அவர் நல்ல தொழிலாளி. இரண்டு பக்கமும் சாய்த்துத் தேய்த்து, தக்காளியை நறுக்கும் அளவுக்குக் கூராக்கிக் கொடுத்துவிடுவார். தகடு அன்றோடு போச்சு.

ஏனென்றால் ஸ்கேட்டுக்குக் கூர் ஒன்றல்ல, இரண்டு. தகட்டின் அடிப்பாகம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலம். அதன் நீளவாக்கில் நடுவே ஒரு பள்ளம் ஓடும். இருபுறமும் எழுந்து நிற்கும் விளிம்புகள்தான் ஐஸைக் கவ்வுகின்றன. அரை அங்குல ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துணுக்குப்போல அந்தப் பள்ளத்தைக் குடைவது பரவலான வழக்கம். ஆழம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும்: ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தலைமுடியின் தடிமனைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. இந்தப் பள்ளத்தை நம்பித்தான் ஓர் ஆள் முழு வேகத்தில் வந்து சட்டென்று திரும்புகிறார்.

பள்ளம் ஆழமானால் பிடிப்பு கூடும், வழுக்கல் குறையும். மேலோட்டமானால் தலைகீழ். உடல் பருமனானவர் மேலோட்டமாக வைத்துக்கொள்வார். எடை அவரை எப்படியும் ஐஸுக்குள் அழுத்திவிடும். ஐஸின் குணமும் கணக்கில் சேரும். லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே உறையும் ஐஸ் கல்போல இறுகிக் கிடக்கும், அதற்கு ஆழம் வேண்டும். மாலில் உறைய வைத்த ஐஸ் இளகியது. ஆக, ஒரே காலுக்கு, ஒரே தகட்டுக்கு, ஊருக்கு ஊர் வேறு பதம்.

பள்ளத்தால் வேலை செய்யும் சாமான் தமிழர் வீட்டுக்குப் புதிதா என்ன? அம்மி இருந்ததே. அரைத்து அரைத்து வழவழவென்று ஆனபின் மிளகாய் மசியாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். அப்போதுதான் 'அம்மி கொத்தணுமா' என்று கேட்டுக்கொண்டு ஒருவர் தெருவில் வருவார். இதை எழுதுகிறவர் சிறுவயதில் மணிக்கணக்காக வேடிக்கை பார்த்த தொழில் அது ஒன்றுதான். சின்ன உளி, சின்னச் சுத்தியல். கல்லின்மேல் புள்ளி புள்ளியாக இறங்கும், ஒன்றன்மேல் ஒன்று விழாது. கோலம் போடுகிறவருக்கும் அந்தக் கை வராது. கண்ணில் கல்தூள் தெறிக்காமலிருக்க முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருப்பார். கூலியை வாங்கிக்கொண்டு, 'முதல் அரைப்பைக் கொட்டிடுங்கம்மா' என்று தவறாமல் சொல்லிவிட்டுப் போவார். பாட்டி தவிட்டைப் போட்டு ஒருதரம் அரைத்து வழித்துக் கொட்டுவாள், மறுபடி ஒருதரம். அப்படியும் அன்றைக்குத் துவையலில் ஒரு நறநறப்பு இருக்கும். யாரும் புகார் சொன்னதில்லை.

ஸ்கேட்டுக்கும் இந்த முதல் அரைப்பு உண்டு. சாணை பிடித்ததும் விளிம்போரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். அதைச் சின்னக் கைக்கல்லால் நீவி எடுக்காமல் இறங்கினால் தகடு ஐஸில் இழுக்கும். பிறகு விளிம்புகளின்மேல் குறுக்காக ஒரு நாணயத்தை வைத்துப் பார்ப்பார்கள். நாணயம் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு விளிம்பு மற்றதைவிட உயர்ந்துவிட்டது என்று அர்த்தம். வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

லடாக்கில் ஐஸ் ஹாக்கி 1970-களில் ராணுவத்தாரோடு வேர்பிடித்தது. ராணுவ பூட்ஸின் அடியில் தகட்டைப் பொருத்திக்கொண்டு ஆடியவர்கள் அந்தத் தலைமுறை. இந்தியா சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பில் சேர்ந்தது 1989-இல். பெண்கள் அணி 2016-இல் தைபேயில் முதல் சர்வதேசப் போட்டி ஆடியது. பயணச் செலவுக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள். கையில் இருந்தவை பெரும்பாலும் இரவல் சாமான்கள், பிறர் அளவுக்குச் செய்தவை. ஸ்கேட் பூட்ஸைக் கடையில் மிதமான சூட்டு அடுப்பில் சில நிமிடம் வைத்து, இளகியதும் காலில் மாட்டி நாடாவை இறுக்கிக் காலின் அச்சுக்கே படிய வைப்பது பணக்கார நாட்டு வழக்கம். வேறொருவர் கால் படிந்த பூட்ஸுக்குள் நுழைகிறவருக்கு இரண்டு ஜோடி காலுறைதான் வைத்தியம். 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள். 2025-இல் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம்.

திறந்தவெளி ஐஸில் காற்று கொண்டுவந்து போடும் மணல்தான் தகட்டுக்கு எமன். ஆட்டம் முடிந்து தகட்டைத் துணியால் துடைக்காமல் பையில் போட்டால் இரண்டாம் நாள் துரு. வெறும் சிமென்ட் தரையில் நாலடி நடந்தாலே விளிம்பு மழுங்கிவிடும். அதனால் களத்தின் ஓரத்தில் உட்காரும் பெண் முதலில் செய்வது ஸ்கேட்டைக் கவிழ்த்து மடியில் வைப்பது. கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றுகிறாள். விளிம்பின்மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுக்கிறாள். வெள்ளையாய் ஒரு சீவல் உதிர்கிறது. அதை ஊதிவிட்டு, அடுத்த விளிம்புக்குப் போகிறாள்.