எழுத்துக்கு ஒரு தரகர்

பெண்ணுக்கு வரன் பார்க்கத் தரகர் உண்டு. வீடு வாங்கவும் விற்கவும் தரகர் உண்டு. ரஸ்ஸல் மார்க்கெட்டில் விடியற்காலையில் வந்திறங்கும் பழக்கூடைக்கும் மண்டிக்காரர் ஒருவர் உண்டு. எழுதிய கதையை விற்றுத் தருவதற்கும் தரகர் உண்டா என்று, சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வருகையில் ஓர் இளைஞர் நம்மைக் கேட்டார். அவர் கையில் தடித்த நாவல் பிரதி ஒன்று இருந்தது. "உண்டு தம்பி, ஆனால் அவரை நாடுமுன் நம் கதையைச் சற்றுக் கேளுங்கள்" என்றோம். நடைபாதையில் நின்று சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறோம். எழுத்தார்வமுடைய பிற அன்பர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

இலக்கிய முகவர் என்பவர் ஆசிரியருக்கும் பதிப்பகத்துக்கும் நடுவில் நிற்பவர். பிரதியைப் படித்து, அது எந்தப் பதிப்பகத்துக்கு ஏற்றது என்று தேர்ந்து, அங்கே அனுப்பி, ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை ஆசிரியர் சார்பில் பேசி, வரவேண்டிய பணத்தை வாங்கித் தருவது அவர் தொழில். லண்டன் மாநகரில் 1870களில் ஏ. பி. வாட் என்பவர் இதை ஒரு தொழிலாகவே நடத்தத் தொடங்கினார். ஆசிரியருக்கு வரும் தொகையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு முகவருக்கு. மொழிபெயர்ப்பு உரிமையும் அயல்நாட்டு உரிமையும் ஆயின் இருபது. இது பொதுவான வழக்கம். இதில் மனத்தில் இருத்தவேண்டியது ஒன்று உண்டு. ஆசிரியர் பெற்ற பின்னரே முகவர் பெறுவார். ஆசிரியர் பெறுமுன் கை நீட்டுபவர் முகவர் அல்லர்.

இந்த ஒரு வாக்கியத்தை அறியாமல் இருந்ததற்கு நாம் கொடுத்த விலை ரூ. 32,000.

ஆறு ஆண்டுகளாக இரவுப் பணி முடிந்து வந்தும், வார விடுமுறை நாட்களிலும் பன்னிரண்டு சிறுகதைகள் எழுதி வைத்திருந்தோம். எல்லாம் சிவாஜிநகரத்து மனிதர்களைப் பற்றியவை. 2021ஆம் ஆண்டில் வேறொரு நகரத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இதழ் ஒன்றில் வந்த நம் கதையைப் படித்ததாகவும், தாம் இலக்கிய முகவர் என்றும், இந்தக் கதைகள் டில்லிக்கும் லண்டனுக்கும் போகவேண்டியவை என்றும் சொன்னார். புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? படித்துப் பார்க்கவும் திருத்தவும் கட்டணம் என்று அவர் கேட்டதை அனுப்பினோம். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கென்று நம் இல்லாள் கட்டிவந்த சீட்டுப் பணம் அது. கூடவே ஒரு பத்திரம் வந்தது. "கதைகளின் எல்லா உரிமைகளையும் மாற்றிக் கொடுக்கிறேன்" என்பதே அதன் சாரம். படித்தோம், ஆனால் பொருள் உணர்ந்து படிக்கவில்லை. கையொப்பமிட்டு அனுப்பிவிட்டோம்.

மூன்று மாதம் கழித்து, அயல்நாட்டுக் கண்காட்சியில் நம் நூலை வைப்பதற்கு மேலும் ரூ. 18,000 வேண்டும் என்றார். அப்போதுதான் ஐயம் எழுந்தது. இதுவரை தாங்கள் எந்த ஆசிரியரின் எந்த நூலை எந்தப் பதிப்பகத்துக்கு விற்றுக் கொடுத்தீர்கள் என்று கேட்டோம். மறுமொழி இல்லை. பின்னர் அந்த எண்ணில் யாரும் பேசவும் இல்லை.

பணம் போனது ஒரு துன்பம். அதைவிடப் பெரிய துன்பம், ஆறு ஆண்டு உழைப்பு இனி நம்முடையதா அன்றா என்று தெரியாமல் தவித்தது. சங்கத்தில் பழக்கமான வழக்கறிஞர் ஒருவரிடம் பத்திரத்தைக் காட்டினோம். "தம்பி, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா?" என்று கடிந்துகொண்டாலும், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து வைத்து 19ஆம் பிரிவைப் பொறுமையாக விளக்கினார். எழுதுபவர் அனைவரும் அறியவேண்டியது அது.

எழுதிய அன்றே உரிமை ஆசிரியருக்கு உரியதாகிவிடுகிறது. அதற்குப் பதிவு கட்டாயம் அன்று. உரிமையை வேறொருவருக்கு மாற்றுவதானால் எழுத்து வடிவில், உரிமையாளர் கையொப்பத்துடன் இருக்கவேண்டும், வாய்ச்சொல் செல்லாது. எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாடு, எவ்வளவு தொகை என்பவற்றை அந்தப் பத்திரம் குறிப்பிட வேண்டும். ஆண்டு குறிக்காவிடில் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். நாடு குறிக்காவிடில் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, அந்த மாற்றம் காலாவதியாகிவிடும். நம் பத்திரத்தில் இவற்றுள் எதுவும் குறிக்கப்படவில்லை. அவரும் எதையும் வெளியிடவில்லை. ஆகவே ஓராண்டு கழிந்ததும் கதைகள் நம்மிடமே மீண்டன. பணம் மீளவில்லை.

உரிமை என்பது கைமாறும் சொத்து. ஆசிரியர் காலமெல்லாமும், அவருக்குப் பின் அறுபது ஆண்டும் நிலைக்கும் சொத்து. பாரதியாரின் படைப்புகளுக்கான உரிமை குடும்பத்தாரிடமிருந்தும் பிறரிடமிருந்தும் வாங்கப்பட்டுப் பொதுவுடைமை ஆவதற்கு 1949இல் சென்னை அரசே தலையிட வேண்டியிருந்தது. வீட்டுப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் நான்கு பேரைக் கேட்கிறோம். கதைப் பத்திரத்துக்கும் அந்த எச்சரிக்கை வேண்டாமா?

நிற்க. மோசடி செய்தவர் ஒருவரைக் கண்டு, முகவர் தொழிலையே வெறுத்துவிடலாகாது. நம்மைப் போலவே கன்னட நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரின் வரலாற்றைப் பாருங்கள். ஆர். கே. நாராயணன் 1906இல் சென்னையில் பிறந்தவர். தந்தையார் மைசூரில் தலைமையாசிரியராக இருந்தமையால் குடும்பம் அங்கே வேரூன்றியது. 1930ஆம் ஆண்டு விஜயதசமியன்று, பாட்டியார் பார்த்துக் கொடுத்த நல்ல நாளில், இந்தப் பெங்களூரில்தான் அவர் தம் முதல் நாவலைத் தொடங்கினார். என்ன எழுதுவது என்று எண்ணியபோது மனக்கண்ணில் வந்து நின்றது ஒரு சிறிய ரயில் நிலையமாம். அந்த நிலையத்தின் பெயர் மால்குடி. ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கும் நமக்கு இதைப் படிக்குந்தோறும் ஒரு சிறு பெருமிதம் உண்டாகும்.

எழுதி முடித்த நாவலை லண்டன் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பின. மனமுடைந்த நாராயணன், பிரதியில் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் எறிந்துவிடும்படி ஆக்ஸ்போர்டில் இருந்த நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார். நண்பர் எறியவில்லை, கிரகாம் கிரீன் என்னும் எழுத்தாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீனின் பரிந்துரையால் ஹாமிஷ் ஹாமில்டன் பதிப்பகம் 1935இல் 'சுவாமியும் நண்பர்களும்' நாவலை வெளியிட்டது. பின்னர் டேவிட் ஹைகம் என்னும் லண்டன் முகவர் அவர் நூல்களைக் கவனித்துக்கொண்டார். ஆயினும் முதல் மூன்று நாவல்களும் மூன்று வெவ்வேறு பதிப்பகங்களில்தான் வெளிவந்தன. உலகப்போரில் லண்டன் தொடர்பு அறுந்தபோது, நாராயணனே மைசூரில் 'இந்தியன் தாட்' என்ற பதிப்பகத்தைத் தொடங்கித் தம் நூல்களை அச்சிட்டார்.

இதிலிருந்து நாம் அறிவன மூன்று. முதலாவது, நூல் முழுதும் எழுதி முடிந்த பின்னரே தரகரைப் பற்றிய எண்ணம் வரவேண்டும். இரண்டாவது, முதலில் உதவியவர் முகவர் அல்லர். பிரதியை நம்பிய நண்பர். மூன்றாவது, நல்ல முகவர் இருந்தாலும் நூல் விற்றே தீரும் என்ற உறுதி இல்லை.

இனி, நம் தமிழ் நாவலுக்கு முகவர் வேண்டுமா என்ற கேள்விக்கு வருவோம். தமிழிலேயே வெளியிடுவதற்கு வேண்டாம் என்பதே நேர்மையான விடை. தமிழ்ப் பதிப்பகங்களில் பெரும்பாலானவை ஆசிரியரிடமிருந்தே பிரதியைப் பெறுகின்றன. பிற மொழிக்குப் போகும்போதுதான் இடையாள் பயன்படுகிறார். சில பதிப்பகங்கள் அந்த வேலையைத் தாமே செய்கின்றன. நாகர்கோவிலின் காலச்சுவடு பதிப்பகம் தான் வெளியிடும் ஆசிரியர்களுக்காக அயல்மொழி உரிமைகளைப் பேசி வருகிறது. அங்கே வெளிவந்த பெருமாள்முருகனின் 'பூக்குழி', அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பில், 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்ற முதல் தமிழ் நாவலாயிற்று. அதே ஆண்டு ஜனவரியில் தமிழக அரசு சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியைத் தொடங்கி, மொழிபெயர்ப்புக்கு நிதியுதவியும் அறிவித்தது. நம் கன்னட நாட்டின் பானு முஷ்தாக், தீபா பாஸ்தியின் மொழிபெயர்ப்பில், 2025இல் அந்தப் பரிசையே வென்றார். 50,000 பவுன் பரிசுத்தொகை ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி. ஹாசனில் இருந்துகொண்டு கன்னடத்தில் எழுதிய சிறுகதைகள் அவை.

முகவரை நாடுவது என்று முடிவு செய்தவர்களுக்கு, பட்டறிந்து கற்ற சில செய்திகளைச் சொல்வோம். நீங்கள் விரும்பிப் படித்த மொழிபெயர்ப்பு நூல்களின் நன்றியுரைப் பக்கத்தைப் பாருங்கள். முகவர் பெயர் பெரும்பாலும் அங்கே இருக்கும். மெய்யாகவே நூல் விற்றவர் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவர் எவ்வகை நூல்களை ஏற்கிறார், எவ்வாறு அனுப்பச் சொல்கிறார் என்று அறிந்து, அவ்வாறே அனுப்புங்கள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேற்படலாகாது. நூலின் பெயர், வகை, சொற்களின் எண்ணிக்கை, கதை எதைப் பற்றியது என்று ஒரு பத்தி, உங்களைப் பற்றி மூன்று வரி, இவை போதும். படித்தவர்கள் எல்லாம் கண்ணீர் விட்டார்கள் என்று எழுதவேண்டாம். கதைச்சுருக்கத்தில் முடிவை மறைக்கவும் வேண்டாம். அதைப் படிப்பவர் வாசகர் அல்லர், வியாபாரம் பேசப் போகிறவர். தமிழ் அறியாத முகவருக்கு இருபது முப்பது பக்கமேனும் நல்ல மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு என்பதை மறவாமல், மொழிபெயர்ப்பாளருடன் முன்னதாகவே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு, எந்த நாளில், எதை அனுப்பினோம், என்ன மறுமொழி வந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பது நலம். பார்சல் அலுவலகத்தில் பதிவேடு இல்லாத மூட்டை தேடுவாரின்றிக் கிடப்பதை நாள்தோறும் காண்கிறோம். மறுமொழி வர இரண்டு மூன்று மாதமாகலாம், வராமலும் போகலாம். அதுவரை அடுத்ததை எழுதிக்கொண்டிருங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. பணத்தை இழந்த செய்தி வீட்டில் தெரிந்த அன்று, எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நம் மகள், "அப்பா, அந்தக் கதைகளில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். நாம் திகைத்துப் போனோம். அவள் வீட்டில் தமிழ் பேசுவாள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்தாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். லண்டனுக்குக் கதை அனுப்பப் பணம் கட்டிய நாம், அடுத்த அறைக்கு அனுப்ப வழி தேடவில்லை. தமிழ் கற்பிக்காமல் விட்ட குற்றமும் நம்முடையதே. இப்போது ஞாயிறுதோறும் அவளுக்குப் பாடம் நடக்கிறது.

நம்முடன் பணிபுரியும் கன்னட நண்பரிடம் இதைச் சொன்னோம். அவருக்குத் தமிழ் கேட்டால் விளங்கும். மதிய உணவு வேளைகளில் நாம் ஒரு கதையை வரி வரியாகப் படிக்க, அவர் கன்னடத்தில் எழுதினார். மரியன்னை ஆலயத்துச் செப்டம்பர் திருவிழாவில் பூ விற்ற நம் தாயாரைப் பற்றிய கதை அது. கன்னட வார இதழ் ஒன்று அதை வெளியிட்டது. எழுதி வைத்துக்கொண்டபடி சன்மானத்தில் இருவருக்கும் பாதி. இதழை மகளிடம் கொடுத்தோம். ஒரே மூச்சில் படித்து முடித்து நிமிர்ந்தவள், "ஆயாவின் புடவை பச்சை இல்லை அப்பா, நீலம்" என்றாள். பெட்டியைத் திறந்து பார்த்தோம், நீலந்தான். நூல் வரும்போது திருத்திக்கொள்ள வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறோம்.

நாவல் பிரதியுடன் நின்ற தம்பிக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவே. தரகரைப் பிறகு தேடலாம். அடுத்த கூட்டத்துக்குப் பிரதியை மறவாமல் எடுத்து வாருங்கள். முதல் அத்தியாயத்தை அமர்ந்து படிப்போம். மனம் தளர்ந்து, கல்லைக் கட்டி அல்சூர் ஏரியில் எறிந்துவிடாதீர்கள்.